கஸ்பார் வீட்டை விட்டுப் போன இரைச்சல்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் தூத்துக்குடி கித்தேரியம்மாள். என் இளைய மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தன் மருமகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே சொன்னாள். கஞ்சி ஆறிப்போய், மருமகள் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் கரண்டியைக் கையில் பிடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை. அவள் இருமிய இடங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

கடலை ஒட்டி, மாதா கோயிலுக்குப் பின்புறம் தொடங்கி, உப்பு அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் சுவரில் முட்டி நிற்கிற ஒரு தெரு. அந்தத் தெருவில் அமலோற்பவத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசை இருந்தும் இல்லாத மாதிரிதான். ஈஸ்டர் கழிந்த நாளிலிருந்து அதன்மேல் அவள் புருஷன் கஸ்பாரின் ஆம்ப்ளிஃபயர், அடிமூடி கழற்றப்பட்டு, வயிறு தெரிய மல்லாந்து கிடந்தது. கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில், கருவாட்டு ருசி கண்டுவிட்ட ஒரு கிரேக்கக் கப்பல்காரனிடம் ஒரு மூட்டை நெய்மீன் கருவாட்டைக் கொடுத்து மாற்றிக்கொண்ட வால்வு ஆம்ப்ளிஃபயர் அது. சுவிட்சைப் போட்டால் அதன் கண்ணாடி வால்வுகள் பீடத்து மெழுகுதிரிகளைப் போல மெல்ல மெல்லச் சிவக்கும். இசைத்தட்டைச் சுழலவிட்டால் பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூட இரண்டு பெட்டிகளிலும் கேட்கும். ஆனால் கொஞ்ச காலமாகப் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்ம்" என்று ஓர் இரைச்சலும் கேட்டது, பாட்டு நின்றாலும் நிற்காமல் கேட்டது, கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற ஆள் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டது.

கஸ்பார் வைத்தியம் பார்த்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் பார்த்தார், ஏனென்றால் கரண்ட் உள்ள பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டால் அது ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பாட்டு நுழைகிற பக்கத்திலிருந்து ஒவ்வொரு வால்வாகப் பிடுங்கி, இரைச்சல் நிற்கிறதா என்று காது கொடுத்தார். நிற்கவில்லை. வீங்கிப்போன கண்டன்சர்களை மாற்றினார். நிற்கவில்லை. ஆட்டம் கண்ட வால்வு ஏதாவது இருக்குமோ என்று மரக்காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"அகப்பைய எங்க?" என்று அடுப்படியிலிருந்து அமலோற்பவம் கேட்டாள்.

"வால்வத் தட்டிப் பாக்க எடுத்தேன். மரம்னா ஷாக் அடிக்காது."

"அப்பம், கொழம்ப நான் எதக் கொண்டு கிண்ட? ஒங்க ஸ்க்ரூ டிரைவரத் தாரீயளா?"

"சின்னத வேணா எடுத்துக்கோ. பெருச எனக்கு வேணும்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமை.

ஆனாலும் மேசையைவிட, அகப்பையைவிட, அமலோற்பவத்தின் மனசை அறுத்துக்கொண்டிருந்தது தெருவின் கடைசி வீடு. அதில் இருந்தவள் பிலோமினா, கஸ்பாரின் கூடப்பிறந்த தங்கை, புருஷனை இழந்தவள். அக்டோபர் வந்தால் அந்தத் தெருவில் ஜெபமாலை மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். அதற்கு ஒரு முறை உண்டு: எந்த வீட்டுக்கு மாதா போக வேண்டுமோ அந்த வீட்டுக்காரி முக்காடு போட்டுக்கொண்டு முந்தின வீட்டுக்கு வந்து, தன் இரண்டு கையாலும் சுரூபத்தைத் தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும், சாமியாரே ஆனாலும் வேறு யாரும் தொடக்கூடாது. சில வருஷங்களுக்கு முன்னால் அப்படித் தூக்கி வந்த பிலோமினா படியில் இடறியதில் மாதாவின் சுண்டுவிரல் உடைந்துபோயிற்று. கஸ்பார் அதைப் பசை போட்டு ஒட்டினார். ஒட்டியது கொஞ்சம் கோணிக்கொண்டு, மாதா யாரையோ "இங்க வா" என்று கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. ஒட்டுகிற வேளையில் சும்மா ஒட்டிவிட்டுப் போகாமல், "ஒனக்கு இருக்கது கையா, சுளவா?" என்று, கையை முறமாக்கி, நாலு பேர் முன்னால் தங்கையைக் கேட்டுவிட்டார். நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தியவள்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் சுரூபம் கடைசிக்கு முந்தின ஜூலியட் வீடுவரை வந்து, கடைசி வீட்டைத் தொடாமல், எதிர்வரிசைக்குத் தாண்டிவிடும். அண்ணன் கூப்பிடட்டும் என்று தங்கையும், தங்கை கூப்பிடட்டும் என்று அண்ணனும் இருந்தார்கள்.

இந்த வருஷம் பிலோமினா பஹ்ரைனில் இருக்கிற மகனோடு போய் இருந்துவிடப் போகிறாள். மாசக் கடைசியில் விமானம். போனால் திரும்ப மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். "தாயே, அவ போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ அவ வீட்டுக்குப் போயிரும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மேசகூட மெதுவாக் கெடைக்கட்டும்" என்று அமலோற்பவம் தினமும் வேண்டினாள்.

சுரூபம் கஸ்பார் வீட்டில் இருந்த நாளில்தான் அவர் குற்றத்தைக் கண்டுபிடித்தார். ஆம்ப்ளிஃபயரின் எர்த்து வயர்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து கூட வேண்டும். அதில் ஒரு வயர் மட்டும், யார் கையில் பட்டு விட்டதோ, தனியாகப் பிரிந்து நின்றது. கஸ்பார் அதை இழுத்து மற்றவற்றோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ஈயம் புகைவிட்டு இறுகியதும் இரைச்சல் பெட்டியை விட்டு இறங்கியது. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தது, தண்ணீர்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்தது, அமலோற்பவத்தின் கை வளையல்களைக் கிணுகிணுக்க வைத்தது, பிறகு விருந்துக்கு வந்தவர்கள் கை கழுவிவிட்டுக் கிளம்புவதுபோல் வாசல் வழியாகத் தெருவில் இறங்கிப் போயிற்று.

"போயிட்டு" என்றார் கஸ்பார்.

"எங்க போயிட்டு?"

"போயிட்டுல்லா, எங்க போனா என்ன!"

எங்கே போனது என்று காலையில் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் சுரூபத்தை வாங்கிக்கொண்டு போன பக்கத்து வீட்டிலிருந்து, கப்பலில் சமையல் வேலை பார்த்த சந்தியாகு மதில் வழியாக எட்டிக் கூப்பிட்டார்.

"ஓய் கஸ்பார்! ஒம்ம இரைச்சல் எங்க அரிசிப் பானைக்குள்ள உக்காந்திருக்கு. கூட்டிட்டுப் போறீரா, இல்ல சோறு போடவா?"

"நான் ரிப்பேர் பண்ணது ஆம்ப்ளிஃபயர். அதுக்கு வெளிய போனதுக்கு நான் பொறுப்பில்ல."

"இந்தப் பேச்சுக்கு நீரு ரிப்பேர் கடை போட்டுருக்கலாம்வே."

அன்று சாயங்காலம் அடுத்த வீட்டு ரெஜினா டீச்சர் முக்காடிட்டு வந்து சந்தியாகு வீட்டிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் இரைச்சல் ரெஜினா டீச்சரின் தையல் மிஷினுக்குள் இருந்தது. அதற்கு மறுநாள் மாதா போன வீட்டில், ஊறுகாய்ப் பரணியில் இருந்தது. மாதா எந்த வீட்டுக்குப் போகிறாளோ அந்த வீட்டுக்கு இரைச்சலும் போகிறது, ஒரு வீட்டையும் விடாமல் போகிறது, பெரிய வீடு சின்ன வீடு பார்க்காமல் போகிறது என்று தெரிந்ததும் தெருவுக்கு நிம்மதியாகிவிட்டது. முறை தெரிந்து நடந்துகொள்கிற ஒன்றைப் பற்றி யார் பயப்படுவார்கள்? மாதாவுக்கு ஒரு மேசையும் இரைச்சலுக்கு ஒரு முக்காலியும் போட்டார்கள். ஜெபம் முடிந்து எல்லாருக்கும் சுண்டலும் சுக்குக் காப்பியும் கொடுக்கும்போது முக்காலியின் மேலும் ஒரு தம்ளர் வைத்தார்கள். அந்தக் காப்பி ஆறாமல் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும், அதைக் குடித்தவர்களுக்கு நெஞ்சுச் சளி கரைந்தது என்றும் சொன்னார்கள். இரைச்சல் இருக்கிற வீட்டில் தயிர் கெட்டியாக உறைந்தது. கைக்குழந்தைகள் தொட்டில் ஆட்டாமலே தூங்கின. சந்தியாகுவின் மனைவிக்கு மட்டும் வருத்தம், அவர் குறட்டைக்கும் இரைச்சலுக்கும் சுதி சேர்ந்துவிட்டதால் அது போன பிறகு குறட்டை தனியாகக் கேட்க நன்றாக இல்லையாம்.

அந்தத் தெருவில் மாதா பாட்டை அதுவரை ஆளுக்கொரு சுதியில் பாடிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா டீச்சர் மேலே போவாள், சந்தியாகு கீழே போவார், மற்றவர்கள் நடுவில் நின்று தவிப்பார்கள். இப்போது இரைச்சல் "ம்ம்ம்" என்று ஒரு பாய் விரித்துக் கொடுத்ததும் எல்லாரும் அதன்மேல் ஒழுங்காக உட்கார்ந்து பாடினார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஒங்களுது முடிஞ்சதும் எங்க தெருவுக்கு அனுப்புவீயளா?" என்று கேட்டார்கள். விஷயம் சாமியார் காதுக்கும் போயிற்று. அவர் இளவயசு, நிறையப் படித்தவர், ரோமாபுரிக்கெல்லாம் போய் வந்தவர். ஒருநாள் வந்து முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"ஜெபத்துல சத்தம் போடாதீங்கன்னு நான் சொல்லலாம்மா. சத்தத்தப் பாத்து, நீ ஜெபத்துக்கு வராதன்னு நான் எப்படிச் சொல்ல?" என்று அந்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, முக்காலிமேல் இருந்த காப்பியையும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்கு ரொம்ப நாளாகச் சளி.

கஸ்பாருக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை. ஆம்ப்ளிஃபயர் இப்போது பனங்கற்கண்டு மாதிரித் துல்லியமாகப் பாடியது. ஆனால் கேட்க வந்தவர்கள், "பாட்டு நல்லாருக்கு அண்ணே, இரைச்சல் இன்னைக்கு யார் வீட்டுல?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

இப்படியே போய் மாதா ஜூலியட் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் எதிர்வரிசை எலிசா முக்காடிட்டு வந்து, வழக்கம்போல் கடைசி வீட்டை விட்டுவிட்டு, சுரூபத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கப் போனாள். தூக்கியதும் இரைச்சல் எகிறியது. ஜன்னல் கம்பிகள் பாடின. சந்தியாகுவின் பல்செட் வாய்க்குள் தாளம் போட்டது. எலிசா பயந்துபோய்ச் சுரூபத்தைத் திரும்ப வைத்ததும் அடங்கியது. மறுபடி தூக்கினாள், மறுபடி எகிறியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஆக ஜெபமாலை தினமும் ஜூலியட் வீட்டிலேயே நடந்தது, தெரு முழுவதும் தினமும் அவள் வீட்டிலேயே சுண்டல் தின்றது. இரைச்சலும், தங்கத் தங்க, நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போயிற்று. மேசைமேல் இருந்த மாதாவும் அதிர்ந்து அதிர்ந்து நகர ஆரம்பித்தாள். ஜூலியட் அடிக்கடி பார்த்து, தொடாமல், மேசையைத்தான் சரித்து அவளைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது.

ஜூலியட் கஸ்பார் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கஸ்பார் அண்ணே, கடலையும் தீந்துட்டு, பொறுமையும் தீந்துட்டு. தட்டும் தம்ளரும் அலமாரிய விட்டு எறங்கி நடக்கு. எங்க வீட்டுக்காரரு சவரம் பண்ணப் போயி பாதி மீசையோட அலையுதாரு. ஒங்க பெட்டியில இருந்து வந்ததுதான? வந்து பாருங்க."

"நான் ரிப்பேர் பண்ணது—"

"அந்தப் பேச்செல்லாம் சந்தியாகு அண்ணன்கிட்ட வச்சுக்கோங்க."

கஸ்பார் மீட்டரையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு போனார். இடது கையை முதுகில் கட்டிக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரைப் பார்த்த மாதிரியே, கோயில் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீடாகச் சுவரில் காது வைத்துக் கேட்டு வந்தார். தெருவே பின்னால் வந்தது. முதல் வீடு, சுத்தம். தன் வீடு, சுத்தம். சந்தியாகு வீடு, டீச்சர் வீடு, எல்லாம் சுத்தம். ஜூலியட் வீட்டின் கடைசிச் சுவரில் காது வைத்து, அகப்பைக் காம்பால் ஒரு தட்டுத் தட்டி, நிமிர்ந்து, தொழில் பேசுகிற குரலில் சொன்னார்:

"இது தெரிஞ்ச குத்தம்தான். எல்லாம் ஒண்ணாச் சேந்து இருக்கணும். ஒண்ணே ஒண்ணு தனியாப் பிரிஞ்சு நின்னாலும் இரைச்சல் வரும். அத இழுத்துச் சேக்காத வரைக்கும் நீங்க தலகீழா நின்னாலும் போவாது."

எல்லாரும் கடைசி வீட்டைப் பார்த்தார்கள். ரெஜினா டீச்சர் கண்ணைத் துடைத்தாள்.

"எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிட்டீய அண்ணே! சாமியார் பிரசங்கத்துலகூட இப்படிக் கேட்டதில்ல."

"நான் எர்த்து வயரச் சொன்னேன்" என்றார் கஸ்பார்.

"ஆமாண்ணே, ஆமா. எர்த்து வயருதான்" என்றார்கள் எல்லாரும், தலையை ஆட்டிக்கொண்டு, ஒருவரும் நம்பாமல்.

அமலோற்பவம் அன்று மத்தியானமே கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். பிலோமினா திறந்தாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. கண்ணாடிப் பாத்திரங்களை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மைனி, நீங்க வந்த காரியம் தெரியும். சொவத்துல காது வச்சு அண்ணன் பேசுனது இந்தப் பக்கமும் கேட்டுச்சு."

"அப்பம் வாயேன்டி. ஒரு நாளுதான. தூக்கிட்டு வா."

பிலோமினா துணியை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். "வீம்புன்னு எல்லாரும் நெனைக்காவ. வீம்பில்ல மைனி. பயம். இன்னொரு தடவ கீழ போட்டுட்டா நான் பஹ்ரைன் போயிம் தூங்க மாட்டேன். பாருங்க" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கத்து இரைச்சலாலா, இல்லை அவளாகவா என்று அமலோற்பவத்துக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் மாதாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை நடுவில் இருக்கும்போது, ஜூலியட் வீட்டு வாசலில் பிலோமினா வந்து நின்றாள். முக்காடு இல்லை. கையில் இரண்டாக உடைந்த பீங்கான் தட்டு.

"ஏட்டி ஜூலியட்! நான் கட்டி வச்ச பாத்திரம் பூரா பெட்டிக்குள்ளயே ஒடையுது. இந்தச் சத்தத்த நிறுத்துதியளா, இல்ல—"

அப்போதுதான் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். மாதா விளிம்புக்கு வந்துவிட்டாள். இரைச்சலின் மேல் கால் வைத்து, சின்னச் சின்னதாக அடியெடுத்து, வாசல் பக்கமாகவே நடந்து வந்திருந்தாள். பிடிக்கலாமென்றால் ஒவ்வொரு கையிலும் மெழுகுதிரி. அதற்கும் மேல், தொடக்கூடாத முறை. ரெஜினா டீச்சர் "சேசுவே" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மாதா மேசையைத் தாண்டி அடுத்த அடியை வெறும் காற்றில் வைத்தாள்.

பீங்கான் தட்டு தரையில் விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. டீச்சர் கண்ணைத் திறந்தபோது பிலோமினா பச்சைப்பிள்ளையை ஏந்துகிற மாதிரி மாதாவை நெஞ்சோடு ஏந்திக்கொண்டு நின்றாள். இரைச்சல் அடங்கிப்போய், அவள் கழுத்துச் சங்கிலியில் மட்டும், பூனை மடியில் படுத்து உறுமுகிற அளவுக்கு, மெல்லக் கேட்டது. கை நடுங்கவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கஸ்பார் முன்னால் வந்தார். இத்தனை வருஷம் பேசாதவர் என்ன பேசப் போகிறாரோ என்று அமலோற்பவம் மூச்சைப் பிடித்தாள்.

"வெரலு இருக்கா?" என்றார்.

பிலோமினா குனிந்து பார்த்தாள். "எல்லாம் இருக்கு. நீ கோணலா ஒட்டி வச்ச ஒண்ணும் இருக்கு."

"அன்னைக்குப் பசை சரியில்ல."

"ஒன் வாயிந்தான் சரியில்ல."

"ஆமா" என்றார் கஸ்பார். பிறகு தன் துண்டை எடுத்துத் தங்கையின் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டார். அது ஆம்ப்ளிஃபயர் துடைக்கிற துண்டு.

கடைசி வீட்டில் உட்கார நாற்காலி இல்லை, குடிக்கத் தம்ளர் இல்லை, எல்லாம் கட்டியாகிவிட்டது. பஹ்ரைன் என்று எழுதிய பெட்டிகளின் மேல் உட்கார்ந்து ஜெபம் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்திருந்த மக்ரூன் பலகாரப் பொட்டலத்தைப் பிலோமினா பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். இரைச்சல் எந்தப் பெட்டிக்குள் ஏறியது என்று யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் எலிசா சுரூபத்தைத் தூக்கியபோது அது காற்று மாதிரி லேசாக வந்தது. எதிர்வரிசை வீடுகளில் முக்காலி போட்டுக் காத்திருந்தார்கள், ஒன்றும் வரவில்லை.

பிலோமினா சொன்ன தேதியில் விமானம் ஏறினாள். அழுதுகொண்டு போனாள், ஆனால் போனாள். போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அவள் மகன் கூப்பிட்டு, "மாமா, அம்மா வந்ததுலயிருந்து வீட்டு ஏசி ஒரு மாதிரி முனகுது. மெக்கானிக் பாத்துட்டு ஒண்ணுமில்லங்கான். நீங்க ஏதாச்சும் குடுத்து விட்டியளா?" என்று கேட்டான். கஸ்பார், "நான் ரிப்பேர் பண்ணது" என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்.

இப்போது அந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கஸ்பார் ஆம்ப்ளிஃபயரைப் போடுவார். ஓர் இரைச்சல் இல்லை, ஒரு குறை இல்லை. கொஞ்ச நேரம் கேட்பார். நெளிவார். பிறகு அதை அணைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போடுவார். "சாப்ட்டியா, பிள்ளைய சொகமா" எல்லாம் விசாரித்துவிட்டு, "சரி, கொஞ்சம் அதுகிட்ட வை" என்பார். பிலோமினா போனைக் கொண்டுபோய் முனகுகிற ஏசிக்குப் பக்கத்தில் வைப்பாள். இங்கே கஸ்பார் கண்ணை மூடிக் காதைக் கொடுப்பார். அமலோற்பவமும் மறு காதைப் பக்கத்தில் கொண்டுவருவாள்.

ஆனால் போன தடவை பேசியபோது பிலோமினா வேறு சொன்னாள். இரைச்சல் அவள் வீட்டில் இல்லையாம். எதிர்வீட்டு மலையாளத்துக்காரி ஒருநாள் வந்து சீனி கடன் வாங்கிக்கொண்டு போனாளாம், அவளோடு போய்விட்டது. அவள் வீட்டிலிருந்து மாடியிலிருக்கிற பிலிப்பைன் குடும்பத்துக்கு, அங்கிருந்து யாரோ லீவுக்கு ஊருக்குக் கிளம்பியவர்களின் பையில். எந்த ஊர் என்று கேட்க விட்டுப்போயிற்று.

அதனால் உங்களிடம் கேட்கிறேன், தலைக்குமேல் ஓடுகிற அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்.